சோத்துக்குக் காசோ?

சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோப்பைகளைக் கழுவ எடுத்தபோது அம்மாதான் கண்டார். வந்தவர்களின் வான் அதற்குள் படலையைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் ஒழுங்கை முடியும் இடம் வரை கையைக் காட்டிக்கொண்டே நடந்துபோய் வானை நிறுத்தி, "உங்கட காசு விழுந்து கிடந்தது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அது விழுந்து கிடந்த காசு இல்லை என்று அவருக்கும் தெரியும், வானில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

இது 2019 ஜனவரியில் நடந்தது. எங்கள் வீடு வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டுக் குளத்தின் பக்கம். வந்தவர்கள் கொழும்பிலிருந்து பறவை பார்க்க வந்த நான்கு பேர். அக்காவின் மகன், என் பெறாமகன், அவர்களைக் குளக்கட்டில் சந்தித்திருக்கிறான். காலை முழுவதும் அவர்களோடு அலைகரையில் திரிந்துவிட்டு, மத்தியானம் அவர்கள் பிஸ்கட் பெட்டியைப் பிரித்ததும் மனம் பொறுக்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அம்மா குத்தரிசிச் சோறும் விரால் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டார். பிறகுதான் அந்த ஐயாயிரம்.

அன்றிரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். "அம்மம்மா, அது அவையள் சந்தோசமாத் தந்தது. வேற ஊரிலை இதுக்கு விலை போட்டு எழுதி வச்சிருக்கினம்" என்றான் பெறாமகன். அம்மா விளக்கைத் தணித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்கு வந்தவைக்குச் சோத்தைப் போட்டுட்டுக் காசு வாங்கிறதோ? நாளைக்கு ஆரும் பசியோட படலையிலை வந்து நிண்டா, காசு இருக்கோ எண்டு கேட்டுட்டே கோப்பையை எடுக்கிறது?"

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வன்னியில் இயற்கைச் சுற்றுலா வளர வேண்டும் என்று கதைக்கிறவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம், "இங்குள்ள மக்களிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அது ஆர்வக் குறைவு இல்லை. எங்களுடைய தயக்கம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழிப்போக்கர் வருவது வன்னிக்குப் புதிது இல்லை. ஏ9 வீதியில் போகும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகாது. ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் அடுத்த கியர் போடுவார்கள். அந்தக் கச்சான் கடைகளை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எத்தனையோ பேர். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நாலா பக்கத்திலிருந்தும் சனம் நடந்து வரும். கடல் நீரில் விளக்கெரிகிற அந்த அதிசயத்தைக் காண வருபவர்களுக்கு வழி நெடுக மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பார்கள். செல்வச் சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் முல்லைத்தீவு வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற முறை வருவதை ஒரு பாக்கியம் என்றே வீட்டுக்காரர் நினைப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கச்சானை விற்கலாம், மோரை விற்கக் கூடாது. தேனை விற்கலாம், சோற்றை விற்கக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்தக் கணக்கு அம்மாவின் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். வருபவர்களுக்குச் சமைத்துக் கொடுத்து வருமானம் தேடுங்கள் என்று ஊருக்குச் சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் முட்டுப்படுகிறார்கள். ஆனால் ஏன் முட்டுப்பட்டது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை.

அடுத்த காரணம் கொஞ்சம் வலிக்கிற கதை.

2009இல் போர் முடிந்த பிறகு, முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த காலம். வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சனம் வந்தது. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்கள். 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஜோர்தான் சரக்குக் கப்பலின் துருப்பிடித்த உடலைப் பார்த்தார்கள். போகிற வழியில் எங்களையும் பார்த்தார்கள். ஒருநாள் அம்மா வீதியோரக் குழாய்க் கிணற்றடியில் பானை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து நின்றது. இறங்கிய ஒரு பெண் தன் கமராவில் அம்மாவைப் படம் எடுத்தார். கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய முகம்கூட இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்து போன பிறகும் அம்மா அதே பானையை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பலருக்குச் சுற்றுலா என்ற சொல் முதன்முதலில் இப்படித்தான் அறிமுகமானது. தன்னைக் கேளாமல் தன்னைப் பார்க்க வருகிறவர்கள். அந்த நினைவு இருக்கிற ஊரில், இரட்டைக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு யாராவது வந்தால், முதலில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடத்தான் செய்வார்கள்.

அந்த நான்கு பேரும் போய் மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்தது. ஓர் ஆண்டு போனதும் கொரோனா. 2022இல் எண்ணெய்க்கு வரிசை. யாரும் வரவில்லை. பெறாமகன் மட்டும் ஒரு கொப்பி போட்டு, குளத்துக்கு வருகிற பறவைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான்.

2023இல் ஒரு திட்டக்காரர் குழு வந்து கூட்டம் வைத்தது. பொதுநோக்கு மண்டபத்தில் திரையைக் கட்டிப் படம் காட்டினார்கள். குளக்கட்டின் ஓரத்தில் மரக் குடில்கள், தண்ணீரில் கயாக், காட்டுக்குள் நடைபாதை. படங்கள் அழகாகத்தான் இருந்தன. குளம் எங்கள் குளம்தான். ஆனால் அந்தப் படங்களில் மீன்பிடி வள்ளமும் இல்லை, மாட்டுப்பட்டியும் இல்லை, துறையில் குளிக்கிற ஒரு மனிதரும் இல்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். கேட்டார்கள்.

மாட்டுப்பட்டிக்கார ஐயா ஒருவர் எழுந்தார். அறுபது வருடமாக அந்தக் காட்டில் நடப்பவர். "தம்பியவை, யானை பாக்க வாறவை பின்னேரம் பாத்துட்டுப் போயிடுவினம். வெளிச்சமும் வாகனச் சத்தமும் கண்ட யானை ராவிலை வழி மாறி எங்கட வளவுக்கை வரும். அப்ப வெடி போடுறது ஆர்?" என்று கேட்டார். யானைவெடி கையிருப்பில் இல்லாத இரவுகளில் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியும் வரை காவல் இருப்பது எங்களுக்கு வழக்கம். தென்னம்பிள்ளை வளர்த்துக் காய்க்கிற நேரத்தில் ஒரே இரவில் இழந்தவர்கள் அந்த மண்டபத்திலேயே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள்.

அடுத்தது மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற தங்கச்சி. அவள் அதிகம் கதைக்க மாட்டாள். "துப்புரவாக்கிக் குடுத்த நிலத்தின்ரை எல்லை எனக்குத் தெரியும். ஊர்ச் சனத்துக்கும் தெரியும். நடைபாதையை ஆர் கீறினது? காட்டுக்கை போய்ப் பாத்துக் கீறினியளோ, கொம்பியூட்டரிலை பாத்துக் கீறினியளோ?" என்றாள். மண்டபம் அமைதியாகிவிட்டது. இலங்கை 2017இல்தான் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் வன்னிப் பிள்ளைகள் நடக்கப் பழகிய நாளிலிருந்தே, மாடு போன தடத்தை விட்டு விலகாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரருக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால்தான் ஆபத்து தெரியும்.

பெண்கள் துறையைப் பற்றி நான் கேட்டேன். கயாக் ஓடுகிற இடமாக அவர்கள் காட்டியது, நாங்கள் பின்னேரம் குளிக்கிற துறைக்கு நேர் எதிரே.

கடைசியாகக் காணி. இதைச் சத்தமாக யாரும் கேட்கவில்லை, வெளியே வந்த பிறகு மருதமரத்தடியில் நின்று கதைத்தார்கள். காட்டுப் பக்கம் ஒரு அழகான பலகை நட்டால், அடுத்து எல்லைக்கல் நடுவார்களா என்பதுதான் அந்தப் பயம். கொக்கிளாய்க் கடல்நீரேரி 1951இலிருந்து சரணாலயம். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. பூநாரையும் கூழைக்கடாவும் வருகிற அந்த இடங்களைக் காக்கத்தான் வேண்டும், அதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இடப்பெயர்வில் காணி உறுதி தொலைந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. திரும்பி வந்தபோது தாங்கள் உழுத நிலத்தில் காடு எழும்பி நிற்கக் கண்டவர்கள் அவர்கள். அது காடா காணியா என்று வாதாடி அலைந்த களைப்பு இன்னும் தீரவில்லை. அவர்களிடம் போய் இயற்கையைப் பாதுகாப்போம் என்று மட்டும் சொன்னால், எதை எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் அவர்களுக்குக் கேட்கும்.

அந்தத் திட்டம் பிறகு வரவில்லை. எனக்கு அதில் கவலை இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளை விட்டுவிட மனம் வரவில்லை. எங்கள் மாதர் சங்கத்தில் அவற்றை வைத்தே கதைக்கத் தொடங்கினோம். வருகிறவர்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. யார், எப்போது, எந்த வழியால் வருவது என்பதை முடிவெடுக்கும் இடத்தில் தாங்கள் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அதனால் சிறிதாகத் தொடங்கினோம். ஒன்பது குடும்பங்கள். காட்டுக்குள் போவதென்றால் பட்டிக்கார ஐயா முன்னால் நடப்பார். அவர் போகாத தடத்தில் யாரும் போக முடியாது. ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. குளத்தில் போக இரண்டு மீனவர்கள் தங்கள் வள்ளங்களைத் தருவார்கள். வலை போடுகிற நேரத்தில் வள்ளம் கிடைக்காது. பெண்கள் துறைப் பக்கம் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போகக் கூடாது. குளக்கட்டில் குடிக்கக் கூடாது. உடைந்த போத்தல் குத்தி ஒரு மாடு காலை இழந்த பிறகு எழுதிய விதி இது.

இன்னொன்றையும் எழுதிவைத்தோம், இறைச்சி. வன்னிக்கு வருகிற எங்கள் சனத்திலேயே பலர் வந்து இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "மான் இறைச்சி, மரை வத்தல் ஏதும் கிடைக்குமோ?" என்பதுதான். வேட்டையாடி உண்ட காலம் எங்கள் தாத்தாமாருடையது. ஆனால் காட்டு விலங்குகளைக் காக்கிற சட்டம் 1937லிருந்தே இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், காட்டில் மரை குறைந்துபோனதை ஐயா தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார். இறைச்சி கேட்டு வருகிறவர்களுக்கு விலையைக் கூட்டிச் சொல்லி விற்றால் பெடியளுக்கு ஒரே நாளில் நல்ல காசு. அந்த ஆசையை நாங்கள் பேசித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பெறாமகனின் கூட்டாளிகள் இருவர் கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். ஒருவன் பிறகு திரும்பி வந்து இப்போது வள்ளம் வலிக்கிறான்.

பெறாமகனைப் பற்றி நான் பெருமையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவனுடைய கொப்பியில் இப்போது இரண்டு பத்திகள். ஒன்றில் புத்தகத்தில் படித்த பெயர்கள். மற்றதில் மீனவர்களும் பட்டிக்காரரும் சொல்கிற பெயர்கள். ஊசிவால் வாத்து, ஆற்று உள்ளான் என்று அவன் எழுதுவான். மீனவர் ஒருவர் எல்லா வாத்தையும் கிளுவை என்று ஒரே பெயரில் சொல்வார். ஆனால் எந்தக் கிளுவை எந்த மாதம் எந்த மூலையில் இறங்கும், அது வந்தால் தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆட்காட்டி இரவில் எந்தப் பக்கம் கத்துகிறது என்பதை வைத்து யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஐயா சொல்வார். வந்தவர்கள் இரட்டைக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் கமராவுக்கு முன்னால் குனிந்து நின்ற ஊர் இது. அந்தக் காட்சியைக் கண்ட அன்று எனக்குக் கண் கலங்கியது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. மிகப் பெரியது காலம். குளிர்நாட்டுப் பறவைகள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி வரை நிற்கும். வெளியூர்க்காரர் வர விரும்புவதும் அப்போதுதான். ஆனால் காலபோக நெல் விளைந்து அறுவடைக்கு நிற்பதும் அதே மாதங்கள். யானைக் காவல், வெட்டு மெசினுக்கு அலைச்சல், நெல்லுக்கு விலை தேடல். தை மாதத்தில் வாருங்கள் என்று ஒரு விவசாயியால் எப்படிச் சொல்ல முடியும்? போன முறை அறுவடை நேரம் வந்த ஒரு குழுவுக்கு நாங்கள் மனம் வைத்து எதையும் செய்ய முடியவில்லை. அவர்களும் வாடிய முகத்தோடு போனார்கள்.

அதனால் இப்போது ஆனி, ஆடி என்று சொல்கிறோம். பறவை அப்போது குறைவு. ஆனால் பாலை பழுக்கும் காலம் அது. வன்னிக்காடு முழுவதும் அந்த மஞ்சள் பழத்தின் வாசம் இருக்கும். பால் உதட்டில் ஒட்டும், தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் பாலைப்பழம் தின்னாத ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. பாலை பழுத்தால் கரடியும் வரும். எனவே ஐயா இருமிக்கொண்டும் சத்தமாகக் கதைத்துக்கொண்டும்தான் நடப்பார். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழையை முறித்து ஐயனாருக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் அடி எடுத்து வைப்பார். வந்தவர்களையும் ஆளுக்கொரு சின்னக் குழை வைக்கச் சொல்வார். பழத்துக்காகக் கொப்பை வெட்ட விடமாட்டார். உலுப்பி விழுவதைப் பொறுக்கலாம், அவ்வளவுதான். மீதி குரங்குக்கும் கரடிக்கும் என்பார்.

எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய மகன் 2009இல் காணாமல் போனவன். வெளியார் யாரும் தன் வாசலால் போவதை அவர் விரும்பவில்லை. கூட்டத்துக்கு வந்து அதைச் சொன்னார், காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வந்தவர்களை இப்போது மற்ற ஒழுங்கையால் சுற்றிக் கூட்டிப் போகிறோம். பத்து நிமிடம் கூட நடக்க வேண்டும். பரவாயில்லை.

வருமானமும் பெரிதாக இல்லை. போன வருடம் முழுவதும் ஏழு குழுக்கள். வழிகாட்டிக்கும் வள்ளக்காரருக்கும் கூலி போக மிஞ்சியதில் குளக்கட்டு ஐயனார் கோயிலடிக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்று வாங்கினோம். மாட்டுக்கும் மனிதருக்கும் உதவுகிறது.

சரி, அம்மாவின் சோற்றுக் கணக்குக்கு வருகிறேன். மற்ற எல்லாம் ஒழுங்கான பிறகும் சாப்பாடு மட்டும் முடிவாகாமல் கிடந்தது. சங்கத்தில் இளம் பெண்கள் விலை போடலாம் என்றார்கள். ஒன்பது குடும்பத்தில் நான்கு வீட்டு வயதானவர்கள் அம்மாவோடு நின்றார்கள். விறகுக்கும் தேங்காய்க்கும் கைக்காசு செலவழித்து எத்தனை பேருக்குச் சமைப்பது என்று நான் கேட்டேன். அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சங்கக் கொட்டிலுக்குத் தானே வந்தார்.

"அவை காசைச் சங்கத்திலை குடுக்கட்டும். சங்கம் எனக்கு நெல்லும் விறகும் தேங்காயும் தரட்டும். நான் சமைக்கிறன். என்ரை படலைக்கு உள்ளுக்கை காசு வரக் கூடாது."

அப்படியே செய்கிறோம். அறுவடை முடிந்ததும் சங்கம் ஊரிலேயே நெல் வாங்கி, சமைக்கிற வீடுகளுக்கு மூட்டையாக இறக்குகிறது. வருகிறவர்களிடம் பெறாமகன் முதலிலேயே சொல்லிவிடுவான், வீட்டில் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள் என்று. ஒருவர் ஏன் என்று கேட்டார். அவன் அந்த ஐயாயிரம் ரூபாய்க் கதையைச் சொன்னான். அவர் சாப்பிட்டு முடித்ததும் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அம்மா விடவில்லை, அது வேறு விஷயம்.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு குழு தொலைபேசியில் கேட்டார்கள், மாசியில் வரலாமா என்று. நெல் அருவி வெட்டு நடக்கும், ஆனியில் வாருங்கள், பறவை குறைவு, பாலைப்பழம் இருக்கும் என்றேன். ஆறு பேர் வருகிறார்களாம், இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். அம்மாவிடம் சொன்னேன். பழம் கொண்டுபோக ஆளுக்கொரு பெட்டி இழைக்க வேண்டும் என்று பனங்குருத்து வெட்டக் கூட்டாளிப் பெடியனை வரச் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குக் காசு வாங்கலாமாம்.